கோட்டுக்குப் பின்னால் இருந்த எண்

தாயகம் திரும்புவோருக்குச் சிலோனில் கொடுத்த குடும்ப அட்டை சித்தியிடம் இருந்தது. அதில் ஒரு எண்ணுக்கான கட்டத்துக்குள் இரண்டு எண்கள் இருந்தன. முதலாவதை யாரோ ஓர் அலுவலர் அச்சடித்ததுபோல எழுதியிருந்தார். அடுத்து ஒரு சாய்கோடு. கோட்டுக்குப் பின்னால் கோணல்மாணலாக இன்னோர் எண். உறவு முறையில் அவர் எனக்குச் சித்தி அல்ல. ஓவேலி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், அடுத்த வீடு. கணவரை இழந்தபின் சிலோனிலிருந்து தனியாகக் கப்பலேறி வந்து, கொழுந்து பறித்துப் பிழைத்தவர். மகள் அங்கேயே நின்றுவிட்டாள். கலவரத்தில் அவள் இருந்த தோட்டமே கலைந்துபோக, சித்தி சொல்லச் சொல்ல நான் எழுதிப் போட்ட கடிதங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன.

அப்போது நான் குன்னூரில், எங்கள் எஸ்டேட்டோடு இன்னும் சிலவற்றுக்கும் பொதுவான அலுவலகத்தில் வேலை பார்த்தேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திறங்கியிருந்தது. அதைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற தலைக்கனம் எனக்கு உண்டு. தாயகம் திரும்பிய தொழிலாளர்களின் பட்டியலை அதில் ஏற்ற வேண்டும்; பட்டியலில் பெயர் இருந்தால்தான் லயத்தில் வீடு என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பிழை நுழையக் கூடாதென்று நானே ஒரு சோதனை எழுதினேன். அட்டை எண்ணுக்கான இடத்தில் இருப்பது எண்தானா, அதுவும் ஒரே எண்தானா என்று நிரல் ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கும். இலக்கம் அல்லாத ஒன்றைக் கண்டால் அந்த ஆளையே தள்ளிவிடும். அப்படித் தள்ளப்பட்டவர்களில் சித்தியும் இருந்தார்.

பெரிய கிளார்க் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க அம்மிணி, நம்பருன்னா ஒண்ணுதானுங்க இருக்கோணும். ஒண்ண வெச்சுட்டு ஒண்ண எடுத்துப் போடுங்க. திங்கக்கெழம லிஸ்ட்டு போயாகோணும்.”

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது சித்தியிடமே கேட்டேன். “அது எம் மக நம்பரு புள்ள. கட்டிக் குடுத்துட்டதால அவளுக்கு வேற அட்டை. நான் எந்தத் தோட்டத்துக்குப் போவேன்னு அப்ப யாருக்குத் தெரியும்? இக்கரைக்கு வந்து இந்த நம்பரச் சொன்னா எங்கிட்டக் கொண்டாந்து விட்டுருவாங்கன்னு அவளுக்குச் சொல்லி வச்சிருக்கேன். அத மட்டும் அழிச்சிராத.”

அட்டையில் அழிக்கவில்லை. சாய்கோட்டைக் கண்டால் அதற்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடு என்று நிரலில் ஒரு வரி சேர்த்தேன். சித்தி தேறிவிட்டார், வீடு நிலைத்தது. மகளுக்கென்று தனியிடம் ஒதுக்க அரைநாள் வேலைதான். ஆனால் நிரல் அழகாக ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றும் கைபேசியில் ஏதாவது படிவம் நான் எழுதியதை ஏற்க மறுத்தால், எழுந்துபோய் வாசலில் நடக்கத் தொடங்கிவிடுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

அடுத்த வருடம், சிலோனிலிருந்து வருபவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு பெண் வந்திருக்கிறாள், தாய் நீலகிரியில் ஏதோ தோட்டத்தில் இருக்கிறாராம், இந்த எண் உங்களிடம் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். கிளார்க் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். இல்லை என்றது இயந்திரம். “இல்லீங்க” என்று நானும் சொன்னேன். எனக்குச் சித்தியின் ஞாபகம் வரவே இல்லை. எப்படி வராமல் போனது என்றுதான் இந்த வயதிலும் புரண்டு புரண்டு யோசிக்கிறேன்.

மகள் மூன்று வருடம் எங்கோ சமவெளியில் கல் உடைத்தாள். பிறகு, சிலோனிலிருந்து வந்த ஒருவர் மூலம் தாயின் இருப்பிடம் தெரிந்து ஓவேலிக்கு வந்து சேர்ந்தாள். சித்தி அவளை நேராக என்னிடம்தான் அழைத்து வந்தார்.

“குடியிருக்க இந்தக் காம்பராவே இவளாலதான்டி நமக்கு மிஞ்சுச்சு. கும்புட்டுக்க.”

காய்ப்பு ஏறிய கைகளைக் குவித்து அவள் கும்பிட்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். “என் நம்பரப் போட்டு முகாம்ல இருந்து கடுதாசி அனுப்புனாங்களேக்கா. அது இங்க வந்து சேரலியா?”

“வரலியே” என்றேன்.

சித்தி தபால்காரரைத் திட்டத் தொடங்கினார். சாகும்வரை திட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.