இடப்பக்கத் தாள்

ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களை விற்கும் கடைகளில் வரைந்தவர் பேசப்படுவார், வாளேந்திய சாமுராய் பேசப்படுவான், வாங்கிய சீமான் தம்மைப் பற்றித் தாமே பேசிக்கொள்வார். பின்னறையில் படத்துக்கு அட்டை ஒட்டிச் சட்டமிடுபவளை மட்டும் எவரும் குறிப்பிடுவதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், மொன்ட்ரியாலில் அப்படியொரு கடையில், வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்ற நான் விற்பனைப் பெண்ணாக இருந்தேன். வாடிக்கையாளர் முன் சிரித்துச் சிரித்துத் தாடை நொந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

குடும்பப் பிரிவினை

வீரக்கதைப் படங்கள் பெரும்பாலும் மூன்று தாள்களில் அச்சிடப்பட்டவை. அடுத்தடுத்து வைத்தால்தான் காட்சி முழுமையாகும். எங்கள் முதலாளியோ தாள் தாளாகப் பிரித்தே விற்பார். வாளும் கவசமும் உள்ள நடுத்தாள் உடனே போய்விடும். குதிரைக்காரனும் அழுகிற பெண்ணும் இழுப்பறையில் கிடப்பார்கள்.

பின்னறையில் சட்டமிடும் ஹருகோ ஒருமுறை வெளியே வந்து, இது முறையல்ல என்றாள். முதலாளி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "வீரன் விற்பான், ஹருகோ. அவன் வீட்டார் விற்கமாட்டார்கள்."

ஹருகோ தேடியது

ஹருகோ வான்கூவரில் பிறந்தவள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஜப்பானிய வம்சம் என்பதற்காகப் பிறந்த நாட்டிலேயே பகைவர் என்று முத்திரை குத்தி அவள் குடும்பத்தைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். வீட்டையும் அதிலிருந்த பொருள்களையும் அரசாங்கம் விற்றுவிட்டது. அலமாரியில் இருந்த மூன்று தாள் படத்தில், புறப்படும் அவசரத்தில் அவள் தாய் பெட்டிக்குள் செருகியது, வீரனின் மனைவி இருந்த இடப்பக்கத் தாளை மட்டுமே. அதே படத்துக்கு எத்தனையோ பிரதிகள் உண்டு. ஆனால், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தபோது ஒரு பூச்சி அவர்களுடைய மூன்று தாள்களையும் ஒரே இடத்தில் துளைத்திருந்தது. அந்தத் துளைக்காகவே, கடைக்கு வரும் ஒவ்வொரு தாளையும் ஹருகோ சன்னலருகே தூக்கிப் பார்ப்பாள்.

வீட்டைத் திருப்பிக் கேட்கவில்லையா என்றேன். "வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். படத்தில் இருப்பவள்தான் புருஷனைப் பிரிந்து கிடக்கிறாள்."

தூபம்

நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இறந்துபோன ஒருவரின் வீட்டுச் சாமான்களோடு நடுத்தாளும் வலப்பக்கத் தாளும் வந்து சேர்ந்தன. இறுதிப் போருக்குப் புறப்படும் இளம் சாமுராய், தலைமுழுகிய கூந்தலுக்கு நாம் சாம்பிராணி காட்டுவதைப் போல, தன் தலைக்கவசத்தைத் தூபத்தின்மேல் கவிழ்த்துப் பிடித்திருந்தான். வெட்டுண்ட தலை பகைவன் முன் வைக்கப்படும்போது மணக்க வேண்டும் என்பது கதை.

மறுநாள் ஹருகோ தன் தாளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். துளை பொருந்தியது. அங்கியின் கையால் முகத்தை மூடிய மனைவி, கணவனை நோக்கி அமர்ந்திருந்தாள். இரண்டு தாள்களையும் தனக்கே விலைக்குத் தரும்படி ஹருகோ கேட்டாள். முதலாளி சொன்னார்: "நேற்றே நம் வாடிக்கையாளர் டாக்டருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நீ வேறு வீரனைப் பார்த்துக்கொள்."

நம்மவர்

டாக்டர் சென்னைக்காரர், நகரையடுத்த லவாலில் புதுவீடு கட்டியிருந்தார். தமிழில் எடுத்துச் சொன்னால் விட்டுக்கொடுப்பார் என்று நம்பி, படத்தை எடுக்கக் கடைக்கு வந்தவரிடம் முகாம் முதல் துளை வரை யாவற்றையும் சொன்னேன். கண்கலங்கக் கேட்டார். மேசைமேல் கிடந்த மூன்று தாள்களையும் நெடுநேரம் பார்த்தார். "பாவம்ங்க. நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, இதப் பிரிக்கவே கூடாது. அந்தம்மாகிட்ட சொல்லி அதையும் குடுத்துடச் சொல்லுங்க."

சட்டம்

அதை ஹருகோவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். மறுத்துவிடு என்பதை என் பங்காகச் சேர்த்தேன். அவள் பின்னறைக்குச் சென்று, மூன்று தாள்களையும் ஒரே சட்டத்தில் பொருத்தத் தொடங்கினாள். உனக்கென்ன பைத்தியமா என்றேன். ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்: "என்னிடம் இருந்தால் அவள் தனி. அங்கே போனால் அவனோடு இருப்பாள்."

ஹருகோ மேலும் சில ஆண்டுகள் பிறர் படங்களுக்குச் சட்டமிட்டு, மொன்ட்ரியால்-நோரில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இறந்தாள். லவாலிலிருந்து படத்தைப் பார்க்க வரும்படி அவளுக்கு ஒருமுறைகூட அழைப்பு வரவில்லை, எனக்குக் கொலுவுக்கு ஆண்டுதோறும் வந்தது.