மேல்முறையீட்டை எழுதியவர்

சட்டப் பிரிவுகளை எண்ணோடு கடகடவென்று ஒப்பிப்பார் என்பதால் கடைவீதியில் அவருக்குச் 'செக்‌ஷன்காரர்' என்றே பெயர். வரி ஆலோசனையில் இருபத்திரண்டு வருடம். இரும்புக் கடை மாடியில், மனைவியின் தம்பியோடு கூட்டாக ஓர் அலுவலகம். எழுதுவது இவர், அதிகாரிகளிடம் போய்ப் பேசுவது மைத்துனன். நாலு பேர் முன்னால் நின்றால் இவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஓர் அச்சகத்தின் மேல்முறையீட்டுக்காக ஒன்பது மாதம் கண் எரிய உட்கார்ந்து எழுதினார். ஜெயித்தது. ஆலோசகர் சங்கம் அந்த அலுவலகத்துக்கு விருது கொடுத்தது. மைத்துனன்தான் மேடையேறினான்.

மறுநாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவரிடம் மனைவி போனை நீட்டினாள். கண்ணாடிக் கேடயத்தோடு தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். கீழே, 'என் தனி உழைப்புக்குக் கிடைத்த பரிசு.' முந்நூறு பேர் வாழ்த்தியிருந்தார்கள்.

"விடுங்க, சின்னப் பையன், ஏதோ சந்தோஷத்துல போட்டுட்டான்."

சின்னப் பையனுக்கு வயது நாற்பத்தொன்று. இவர் சாப்பிடாமலே அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

"மாப்ள, அதைத் திருத்து. என் பேரையும் போடு."

"எழுதினது நீங்கதான் அத்தான், இல்லேங்கலை. மேடையில நிக்கத் தெரியாதவருக்குப் பேர் எதுக்கு?"

கை எப்போது ஓங்கியது என்று அவருக்கே தெரியாது. அறை வாங்கிய மைத்துனன் இரும்பு பீரோவில் போய் மோதினான். ரத்தத்தைத் துப்பிவிட்டு, காகிதத்தில் துளைபோடும் கனத்த இயந்திரத்தை எடுத்து இவர் இடது காதில் இறக்கினான். உள்ளே ஏதோ கிழிந்தது. ஃபைல்களின் மேல் விழுந்தவர் கைக்குச் சிக்கிய கேடயத்தோடு எழுந்து, அவன் தாடையில் போட்டார். கண்ணாடி உடைந்தது, தாடையும் உடைந்தது. மேஜையில் இரண்டு பல். டைப் அடிக்கும் பெண் அலறிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். நெஞ்சில் முழங்காலை ஊன்றி, "சொல்லுடா! யார் எழுதினது, சொல்லு!" என்று குத்தினார். சொல்வதற்கு அவனுக்கு வாய் இல்லை. அந்தக் கணம் மனசுக்குள் பொங்கிய சந்தோஷத்தை நினைத்துத்தான் பின்னாளில் கூசினார். கடை ஆட்கள் நாலு பேர் வந்து பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

ஒரே ஆஸ்பத்திரி, எதிரெதிர் வார்டு. "ரெண்டு பேர் ரத்தத்தையும் துடைக்க நான் ஒருத்திதானா?" என்று மனைவி நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அச்சகக்காரர் பார்க்க வந்தார். "அதை நீங்கதான் எழுதினீங்கன்னு முதல் பக்கத்தைப் படிச்சப்பவே எனக்குத் தெரியும் சார். ஆனா இனிமே உங்ககிட்ட வர மாட்டேன். பயமா இருக்கு."

அக்கா காலில் விழுந்து கெஞ்சியதால் தம்பி போலீஸில் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டான். சங்கம் உறுப்பினர் பட்டியலிலிருந்து இருவர் பெயரையும் அடித்தது. செக்‌ஷன்காரர் இப்போது வேறொருவர் அலுவலகத்தில், வேறொருவர் கையெழுத்துக்காக எழுதுகிறார். இடது காதில் கேட்கும் சக்தி திரும்பவில்லை. மனைவி அவரோடு பேசாமல் இல்லை. பேசும்போது அந்தக் காதுப் பக்கமாக உட்கார்ந்துகொள்கிறாள்.