நான்காம் பாகம் கிடைக்கும்வரை

கடைசிப் பாகம் வந்துவிட்டது என்று எனக்குச் சொன்னவர் அண்ணன்தான். ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே அப்போது ஒரு டிவிடி கடை இருந்தது. அங்கே அதைப் பார்த்தவுடன் வாங்கிக்கொண்டு, செனாயில் இருந்த என்னை அழைத்தார். தைப்பூசத்துக்கு அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை.

"கெடச்சிருச்சுடா. ஞாயித்துக்கிழம வந்துரு."

"நாலாவது பாகம்?"

"அது இல்லயாம். ஸ்டாக் வரலன்றான்."

"நாலு பாக்காம அஞ்ச எப்படிண்ணே பாக்கறது?"

"கண்ணாலதான்."

வானதூதர்கள் மனிதர்களை வேட்டையாடும் பேய்ப்பட வரிசை அது. முதல் மூன்று பாகங்களையும் அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான் பார்த்திருந்தோம். அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தார். தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் கடந்து போய் வருவார். நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். எங்கள் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அண்ணி கத்தோலிக்கர், வானதூதரைச் சம்மனசு என்பார். படம் ஓடும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு துணி மடிப்பார்.

"சம்மனசு வந்து மனுசன் கழுத்த நெரிக்குமா? பாக்குறதே பாவம் லா."

"ஒங்க சாமியார்கிட்ட கேட்டுச் சொல்லு. நாங்க வெயிட் பண்றோம்," என்பார் அண்ணன்.

அந்த ஞாயிறு நான் போனேன். ஆனால் படம் போடவில்லை. எனக்கு ஒரு பழக்கம் உண்டு: வரிசை தப்பக்கூடாது. நூலகத்தில் ஒரு நாவலின் இரண்டாம் பாகம் மட்டும் இருந்தால் தொட மாட்டேன். முதல் பாகம் வரும்வரை வருடக்கணக்கில்கூடக் காத்திருப்பேன். படித்ததையும் பார்த்ததையும் தேதி, கிழமையோடு எழுதி வைக்கிறவன். நடுவில் ஓர் எண் விட்டுப்போனால் பக்கம் முழுவதுமே பொய்யாகிவிட்டதாகத் தோன்றும். அண்ணன் திருட்டுத்தனமாகப் பார்த்துவிடக்கூடாது என்று, உறை பிரிக்காத அந்த டிவிடியை நானே எடுத்துக்கொண்டு செனாய்க்கு வந்துவிட்டேன். அவர் காசு கொடுத்து வாங்கியது. சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அதற்குப் பிந்திய மூன்றாவது ஞாயிறு, சாப்பிடும்போது அவர் சொன்னார்:

"தம்பி, அந்தப் படத்த எடுத்துட்டு வந்துரேன். கண்ணு மங்கிக்கிட்டே வருது. இந்த இனிப்பு நீர் வியாதி கண்ணுல எறங்கிருச்சாம். சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணுல பாதி போயிருச்சு. இன்னொன்னும் எவ்ளோ நாளைக்குன்னு சொல்ல முடியாதுன்றாரு டாக்டரு."

சிறுவயதிலிருந்தே அண்ணன் காரியம் ஆக வேண்டுமென்றால் எதையும் சொல்வார். பள்ளிக்கு மட்டம் போடுவதற்காக இல்லாத பெரியப்பாவை ஒருமுறை சாகடித்தவர். அதனால் நான் சிரித்தேன். "கண்ணாடிய மாத்துங்கண்ணே, நாலாவது பாகம் வந்துரும்" என்றேன். அண்ணி சிரிக்கவில்லை. அதைக் கவனித்தேன். கவனித்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, மோட்டார் சைக்கிள் கீழே உறை போட்டு மூடியிருப்பதைப் பார்த்தேன். நீண்ட லீவு போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிந்திய ஞாயிறுகளில் அவர் வீட்டுக்குப் போகாமல், ஜொகூர் பாருவில் ஏழு கடை ஏறி இறங்கினேன். அண்ணனுக்காகத்தான் அலைகிறேன் என்று ஒவ்வொரு கடையிலும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செனாயில் என் அலமாரியில் கடைசிப் பாகம் இருந்தது. ஒரு நாள்கூட அதைத் திருப்பி, பின்னட்டையில் இருப்பதைப் படித்துப் பார்க்கவில்லை. கதை தெரிந்துவிடும் என்ற பயம்.

நான்காம் பாகம் பெக்கான் நானாஸ் என்ற சிற்றூரில் கிடைத்தது, தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது. உடன் வேலை செய்பவர் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்துக்கு எதிரே கடையை மூடப்போகிற ஒரு சீனர், டிவிடிகளைக் கூடையில் கொட்டி வைத்திருந்தார். அதில் கிடந்தது. விருந்துக்குக்கூட நிற்கவில்லை. நேரே பெர்மாஸ் ஜெயாவுக்கு விட்டேன், செனாய் வழியாக, மற்றதையும் எடுத்துக்கொண்டு.

கதவைத் திறந்தது அண்ணி. அண்ணன் நாற்காலியிலிருந்து முகத்தைத் திருப்பினார். என் பக்கம் அல்ல. கதவுச் சத்தத்தின் பக்கம்.

"நாலும் அஞ்சும் கொண்டாந்துட்டேண்ணே," என்றேன்.

"அப்படியா," என்றார். "போடு. காது நல்லாத்தான் இருக்கு."

நான்காம் பாகத்தை அவர் பேசாமல் கேட்டு முடித்தார். பிறகு ஐந்தாவதை உறை கிழித்துப் போட்டேன். பெயர்கள் வருவதற்கு முன்பே ஒரு கனத்த குரல் பேசத் தொடங்கியது. முன்கதை. யார் யாரைக் கொன்றது, எந்தத் தூதன் எதற்காகச் சிறகை இழந்தான், எல்லாமே. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம்.

"நிப்பாட்டு," என்றார் அண்ணன். நிறுத்தினேன்.

"இப்ப சொன்னது, நாம பாத்த நாலாவதுதான?"

"ஆமாண்ணே."

"பூராவும் சொல்லிட்டான்ல?"

"ஆமா."

அண்ணி கையில் இருந்த சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"சரி. விடு. போடு," என்றார் அண்ணன்.

படம் மட்டமான படம். முந்திய பாகத்தில் எடுத்து மிஞ்சியதை வைத்து ஒட்டியது போலிருந்தது. ஆனால் கடைசிக் காட்சியில் பேச்சே இல்லை. பத்து நிமிடம் வெறும் காற்றுச் சத்தம். அண்ணன் என்னைத் தொட்டு, என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன்: இடப்பக்கம் ஒரு கோயில். கூரைமேல் மூன்று தூதர்கள். ஒருவனுக்கு ஒரு சிறகுதான். கீழே ஒரு பெண், வயது முப்பதுக்குள்.

"டேய், ஸ்டாக் எடுக்கறியா? நீ சும்மா இரு. அவ சொல்லட்டும்."

முதல் பாகத்திலிருந்து ஒரு தடவையும் திரையைப் பார்க்காத அண்ணி, துணியை வைத்துவிட்டு அவர் அருகில் போய் உட்கார்ந்தார்.

"சாம்பல் கொட்டுதுங்க, மழ மாதிரி. அந்த ஒத்த றெக்க இருக்கில்ல, அத அவனே பிச்சு கீழ போடுறான். வலிக்குது அவனுக்கு. ஆனா மொகத்துல காட்டிக்க மாட்டேங்கறான். வீம்பு புடிச்சவன்."

"ம்," என்றார் அண்ணன். "அப்பறம்?"

முடியும்வரை அவர்கள் இருவர் மட்டுமே பார்த்தார்கள்.

இப்போது ஞாயிறுதோறும் போகிறேன். அண்ணன் என்னைத் திட்டியதே இல்லை. திட்டினால் சொல்வதற்கு என்னிடம் பதில் இருக்கிறது: அவர் முன்பு சொன்ன பொய்கள், நான் ஏறி இறங்கிய கடைகள், எல்லாம் வரிசையாக. அவர் கேட்பதில்லை. "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்கிறார், தட்டு எங்கே இருக்கிறது என்று மேசைமேல் கையால் தடவியபடி.