ஷமீம் மேடமும் என் கட்டைவிரலும்

செவ்வாய்க்கிழமை காலை கைப்பேசியில் செய்தி வந்தது. நான் எழுத்துக் கற்று ஒன்றரை ஆண்டு ஆகிறது; எதையும் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். 'ஷ' என்ற எழுத்தைக் கண்டதும் சந்தோஷப்பட்டேன், அது எனக்குக் கடைசியாகப் பிடிபட்ட எழுத்து. ஷமீம் என்று படித்தேன். பேராசிரியர் என்று படித்தேன். அடுத்த சொல்லையும் படித்து முடித்தேன்: காலமானார். ஒரு சாவுச் செய்தியை நானே படித்தது இதுதான் முதல்முறை. பிறகு டீ குடித்தேன். அழுகை வரவில்லை. இன்றும் வரவில்லை.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு பழகிய உங்களுக்கு அவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருக்கோவிலூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம். கள்ளக்குறிச்சிப் பக்கம் எங்கள் கல்லூரியில் உலோகவியல் நடத்தினார். அவர் இயந்திரத்தில் அழுத்தி, வெட்டித் தரும் உலோகத் துண்டுகளை உப்புத்தாளில் தேய்த்து, துணித் தட்டில் கண்ணாடிபோல மெருகேற்றுவது என் வேலை.

அவர் ஆராய்ந்தது டைட்டானியம் அலுமினைடு. விமான எஞ்சினுக்குள் சுழலும் இதழ்களுக்கான உலோகம். எடை கம்மி, சூட்டைத் தாங்கும். ஆனால் சூடில்லாதபோது சட்டென்று விரிசல் விடும். "உள்ள மெல்லிசா தகடு தகடா அடுக்கியிருக்குங்க அண்ணே, உங்க மலை மூங்கிலாட்டம். நீளவாக்குல சுளுவா பொளந்துக்கும். குறுக்க போவணும்னா விரிசலுக்கே மூச்சு வாங்கும்" என்று நுண்ணோக்கியில் காட்டினார். நான் கல்வராயன் மலைக்காரன், உடனே புரிந்தது.

விரிசல் விடுமுன் அந்த உலோகம் கொஞ்சமாவது வளைந்துகொடுக்குமா என்பதே அவர் தேடியது. வளைந்தால் தகடுகளுக்குள் மெல்லிய பட்டைகள் விழும். பட்டைக்கு வெளியே அணு வரிசை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், உள்ளே கண்ணாடியில் தெரிவதுபோல எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். அதை 'ரெட்டை' என்பார். இரண்டு வருடம் தேடியும் ஓரிரண்டுதான் கிடைத்தன. ஒருநாள் ஒரு துண்டில் மட்டும் நிறைய இருந்தன. "எவ்ளோ ரெட்டை பாருங்க அண்ணே. இது வளைஞ்சு குடுத்திருக்கு" என்றார். அன்று எல்லோருக்கும் சமோசா. ஆய்விதழுக்குக் கட்டுரையும் எழுதி அனுப்பிவிட்டார்.

எனக்குச் சமோசா இறங்கவில்லை. அந்தத் துண்டை மெருகேற்றிய நாளில், வெள்ளிமலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்திருந்தேன். அழுத்தினால் பட்டை விழும் என்று சொன்னவர் அவர். அழுத்தியது இயந்திரமா, நானா? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர் பெயரில் பொய் அச்சாகும். மூன்று நாள் கழித்துச் சொன்னேன்.

அவர் இயந்திரத்தில் அழுத்தாத புதுத் துண்டு ஒன்றை நீட்டினார்.

"அன்னிக்கி மாதிரியே தேய்ங்க."

"வேணாம் மேடம்."

"பஸ்ஸு பூடும்னு நெனச்சிக்கினே தேய்ங்க அண்ணே. அப்பதான் சரியா வரும்."

தேய்த்தேன். நுண்ணோக்கியில் அதே பட்டைகள்.

"உங்க வெரலு மெஷினுக்கு மேல இருக்குது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. அன்று மாலையே கட்டுரையைத் திரும்பப் பெற்றார். என்னைப் பற்றி யாரிடமும் புகார் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு நோட்டைக் கொடுத்தார். ஒவ்வொரு துண்டையும் எப்படித் தேய்த்தேன், எவ்வளவு நேரம், என்ன தெரிந்தது என்று நானே எழுத வேண்டுமாம்.

"எனக்கு எழுத்து தெரியாதுங்களே. நீங்களே எழுதிக்குங்க."

"நான் எழுதுனா நான் ஆசப்பட்டதத்தான் எழுதுவேன். நீங்க கத்துக்குங்க."

முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்தேன்.

நேற்று, அவர் கடைசியாக வெட்டி வைத்திருந்த துண்டை எடுத்தேன். விரலின் பாரம் தெரியாமல் வெகுநேரம் தேய்த்தேன். நுண்ணோக்கியில் பார்த்தேன். விரிசல் ஒரு தகட்டில் மோதி, பக்கவாட்டில் திரும்பி, சற்றுத் தள்ளி அடுத்த தகட்டை உடைத்துப் போயிருந்தது. ரெட்டைகளைத் தேடினேன். இருந்திருந்தால் அவருக்குப் பிடித்திருக்கும். 'தேடினேன், இல்லை' என்று நோட்டில் எழுதினேன். எழுத்து நேராக வந்திருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆசைப்பட்டது இல்லாதபோது இல்லை என்று எழுதும் கை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.