ஊமைப்பள்ளத்துக்கு மேலே பெய்த மழை

ஆகத்தாவின் வீடு இரண்டு ஊருக்கும் சேராமல், மலைப்பாதை முழங்கையாக மடங்கும் இடத்தில் தனியாக நின்றது. மேலே ஹின்டர்வால்ட், பத்துப் பன்னிரண்டு குடும்பம். கீழே ரீட். கோயில், கல்லறை, சாராயக்கடை, வைத்தியர் எல்லாம் ரீடில்தான். மேலூரில் பிறந்த பிள்ளை ஞானஸ்நானத்துக்குக் கீழே போகும். செத்தவர்கள் அடக்கத்துக்குக் கீழே போவார்கள். இரண்டு பயணத்துக்கும் ஆகத்தாவின் வாசலைத் தாண்டாமல் வழி கிடையாது.

குளிர்காலத்தில் வானம் திறந்தால் ரீடில் அது மழை, ஹின்டர்வால்டில் அது பனி. மழை பனியாக மாறுகிற இடம் பெரும்பாலும் ஆகத்தாவின் வீட்டை ஒட்டித்தான் இருக்கும். ஒரு நாள் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் மழை ஏறும், ஒரு நாள் மாட்டுக்கொட்டகை வரைக்கும் பனி இறங்கும். "உன் வீட்டுல முன் கூரை ஒழுகும், பின் கூரை உறையும்" என்று ரீடின் வண்டிக்காரர் ஃபிடேல் கேலி செய்வார்.

அதனால் அந்த வீட்டுக்கு ஒரு வேலை இருந்தது. மாமியார் காலத்திலிருந்தே இருந்த வேலை. காடு வெட்டப் போன புருஷன் மரத்தடியில் நசுங்கிச் செத்த பிறகு அது ஆகத்தாவுடையதாயிற்று. காலையில் எழுந்ததும் வாசலில் என்ன விழுகிறது என்று பார்ப்பாள். பனி என்றால் மாடிச் சன்னலிலிருந்து வெள்ளைத் துப்பட்டியைத் தொங்கவிடுவாள். மழை என்றால் சிவப்புக் கம்பளி. கறுத்துப்போன மரச்சுவரில் இரண்டும் மேலூருக்கும் தெரியும், கீழூருக்கும் தெரியும். வெள்ளை தொங்கினால் சறுக்குவண்டியைத் தைரியமாக இறக்கலாம். சிவப்பு தொங்கினால் யாரும் கிளம்பக்கூடாது, ஏனென்றால் வீட்டுக்குச் சற்று மேலே ஊமைப்பள்ளம் இருந்தது.

மலை உச்சியிலிருந்து ஆற்றுவரைக்கும் கத்தியால் கீறிவிட்டதுபோல இறங்கும் பள்ளம் அது. அதில் ஒரு மரம் நிற்காது. பாதை அதைக் குறுக்கே கடக்க வேண்டும். கடக்கும்போது யாரும் வாய் திறக்கமாட்டார்கள். குதிரையின் மணிக்குள்கூட வைக்கோலைத் திணித்துவிடுவார்கள். மேலே கிடக்கும் பனி காய்ந்து கிடந்தால் அது பேசாமல் விடும். நனைந்தால் விடாது, மொத்தமாகச் சரிந்து வரும்.

மேலே ஏற ஏறக் குளிர் கூடும். கீழே பனி என்றால் மேலேயும் பனிதான். இதை அந்த மலையில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. தண்ணீர் கீழ்நோக்கி ஓடும் என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா? அப்படித்தான்.

அந்த வருஷம் கிறிஸ்து பிறப்புக்கு முன்னால் ஆகத்தாவின் அண்ணன் லெயோன்ஹார்ட் ஹின்டர்வால்டில் இறந்துபோனார். தச்சர். நெஞ்சுச்சளி கொண்டுபோய்விட்டது. அப்போது பனி கழுத்தளவு. பாதையே இல்லை. குளிர்காலத்தில் சாகிறவர்களுக்குச் செய்வதைத்தான் அவருக்கும் செய்தார்கள். சவப்பெட்டியை விறகுப்பரணில் ஏற்றி, வழி திறக்கும் வரைக்கும் அங்கேயே வைத்தார்கள். உறைகிற குளிரில் ஒன்றும் ஆகாது. அவர் மனைவி ஃபிலோமினா தினமும் ஏணியேறிப் போய் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவாள் என்று ஊரில் சொன்னார்கள்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் வானம் தெளிந்தது. பாதையை மிதித்துத் திறந்தார்கள். ஆகத்தா வெள்ளை தொங்கவிடுகிற முதல் நாள் லெயோன்ஹார்டை இறக்குவது, ஃபிடேல் ஆகத்தாவின் வாசலில் வண்டியோடு நிற்பது என்று பேச்சு.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தது. பள்ளத்தாக்குக்குள் குளிர் கிணற்றுத் தண்ணீர்போலத் தேங்கிக் கிடந்தது. காற்று துளியும் இல்லை. பொடிப்பனி நேர்க்கோடாக இறங்கியது. ஆகத்தா வாசலில் கையை நீட்டினாள். உள்ளங்கையில் விழுந்தது பனிதான். மாடிக்குப் போய் வெள்ளையைத் தொங்கவிட்டாள். மேகம் ஒரு கணம் விலகியபோது மேலூர்ச் சிற்றாலயத்தின் மணி கேட்டது. பார்த்துவிட்டோம், கிளம்புகிறோம் என்று அர்த்தம். பிறகு மேகம் மூடிக்கொண்டது.

ஃபிடேல் மீசையெல்லாம் வெளுத்துப்போய் வந்து சேர்ந்தார்.

"ரீட்லயும் பனி கொட்டுது ஆகத்தா. உங்கண்ணன் பெரிய ஆளுதான். சாவுக்கு ஊரையே வெள்ளையடிக்க வச்சுட்டாரு."

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்கண்ணே. காப்பி போடறேன், குடிச்சிட்டுக் கிண்டல் பண்ணுங்க."

தண்ணீர் எடுக்கத் தொட்டிக்குப் போனவள் நின்றுவிட்டாள். தொட்டியை ஒட்டி ஓடும் ஓடை நேற்றுவரை பனிக்கட்டிக்கு அடியில் சத்தமில்லாமல் கிடந்தது. இப்போது பேசிக்கொண்டிருந்தது. கட்டி உடைந்து, ஊசியிலைகளும் மண்ணுமாகப் பழுப்புத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விரல்கடை ஏறியது.

அவள் தன் சட்டைக் கையைப் பார்த்தாள். பனி. தரையைப் பார்த்தாள். பனி. தண்ணீருக்குள் கையை விட்டாள். எரிகிற குளிர் இல்லை. கழுவி ஊற்றிய தண்ணீர்போல வெதுவெதுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஃபிடேல் அண்ணே, இங்க வாங்க. இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

"மேலேருந்துதான். வேற எங்கேருந்து வரும்?"

"மேல பனியில்ல பெய்யணும்? பனி ஓடுமா?"

ஃபிடேல் ஓடையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"மேல மழையா? இங்க பனி பெய்யறப்பவா? போம்மா. எங்கப்பன் காலத்துலகூட நான் கேள்விப்பட்டதில்ல."

"உங்கப்பனக் கூப்பிட்டுக் கேக்க நேரமில்ல. குதிரைய அவுத்துக் கொட்டகைக்குப் பின்னால கட்டுங்க. பாதையில நிக்கவேண்டாம்."

மாடிக்கு ஓடினாள். வெள்ளையை உருவி எறிந்துவிட்டுச் சிவப்பைத் தொங்கவிட்டாள். சன்னலில் நின்று பார்த்தால் தன் தொட்டியே தெரியவில்லை. அவ்வளவு மேகம். அவள் சிவப்பைப் பார்க்கப்போவது யார்? அண்ணனையும் இழுத்துக்கொண்டு, மிச்சமிருக்கிற ஒரே தம்பியும் அண்ணியும் இந்நேரம் பாதியிறக்கத்தில் இருப்பார்கள். அவள் வெள்ளையை நம்பித்தான் இறங்குகிறார்கள்.

கத்திக் கூப்பிடலாம். ஆனால் ஊமைப்பள்ளத்தின் பக்கம் வாய் திறப்பதற்கு அவளுக்கு நெஞ்சு வரவில்லை. முக்காட்டை இறுக்கிக்கொண்டு, கோலை எடுத்துக்கொண்டு மேலே நடந்தாள்.

பள்ளத்தின் ஓரம்வரை பனிதான் விழுந்தது. கடக்கத் தொடங்கினாள். பாதி தூரத்தில் முகத்தில் ஏதோ சுட்டது. வெதுவெதுப்பான காற்று. அடுத்த அடியில் மூக்கில் விழுந்தது தண்ணீர். தலைக்கு மேலே எல்லாம் தலைகீழாகிக் கிடந்தது. குளிர் கீழே, சூடு மேலே. பனி கீழே, மழை மேலே. காலுக்கடியில் பனி கஞ்சிபோல இழுத்தது. எங்கோ மிக உயரத்தில், கனத்த ஆள் கட்டிலில் புரண்டு படுத்தாற்போல ஒரு சத்தம். அவள் நிற்கவில்லை. மேலே நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அக்கரை ஏறியபோது சறுக்குவண்டி வந்துவிட்டிருந்தது. முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தம்பி மைன்ராட், பின்னால் மூன்று ஆண்கள், பெட்டியின் மேல் ஒரு கை வைத்தபடி ஃபிலோமினா. எல்லாரும் தலைமுதல் கால்வரை நனைந்திருந்தார்கள். பள்ளம் தொடங்கும் இடத்துக்கு நாலு எட்டுதான் பாக்கி.

"நில்லுங்க" என்றாள் ஆகத்தா, மூச்சாகவே.

"என்னக்கா இது, நீ எதுக்கு ஏறி வந்தே?" மைன்ராடும் கிசுகிசுத்தான். "வெள்ளதானே போட்டிருந்தே?"

"போட்டேன். என் வாசல்ல பனி. உன் தலையில என்ன பெய்யுது, பாத்தியா?"

"விடியக்காலையிலேருந்தே பெய்யுது. சும்மா தூறல். உன் வீட்டுலயே பனின்னா இங்க மழை எப்படி நிக்கும்? மாறிடும்னு நெனச்சோம்."

"நனஞ்சுகிட்டே நெனச்சீங்களா? மண்டைக்குள்ள என்ன, மரத்தூளா?"

"உன் துணிய நம்பித்தான் வந்தோம்" என்றான் அவன். குரல் கொஞ்சம் உயர்ந்தது. பின்னால் நின்ற ஒருவர் அவன் வாயைப் பொத்தினார்.

மைன்ராட் கையை விலக்கிவிட்டு அவள் காதருகே வந்தான். "அக்கா, பரண்ல சொட்ட ஆரம்பிச்சிருச்சு. ராத்திரியே. இனி அண்ணன வீட்டுல வச்சிருக்க முடியாது. புரியுதா உனக்கு?"

புரிந்தது. எந்தச் சூடு மலைமேல் பனியை நனைத்ததோ அதே சூடுதான் பரணுக்குள்ளும் ஏறியிருந்தது. அவரை வைத்திருக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது.

"அப்ப திரும்பிப் போய் ஆலயத்துல வைங்க."

இப்போது ஃபிலோமினா பேசினாள். "திருப்பறதா? வாசப்படி தாண்டின பொணத்த வீட்டுப்பக்கம் திருப்பினா இன்னொருத்தரையும் கூட்டிட்டுப் போகும். உனக்குத் தெரியாதா? உன் கால்ல விழுறேன் ஆகத்தா, அவர என்னால திருப்ப முடியாது."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த மலையில் யாரும் செய்யாத காரியம் அது. சறுக்குவண்டியின் மூக்கு கீழே பார்த்தபடிதான் இருக்க வேண்டும்.

மேலே மறுபடியும் அந்தச் சத்தம். கட்டிலில் புரளும் சத்தம்.

"திருப்ப வேணாம் அண்ணி" என்றாள் ஆகத்தா. "அப்படியே விட்டுடுவோம். மூக்கு கீழ பாத்துக்கிட்டே இருக்கட்டும். இந்த மரத்துல கட்டிட்டு நாம மட்டும் மேல ஏறுவோம். நாம திரும்பலாம். நமக்கு அந்தச் சட்டம் கெடையாது."

"தனியாவா? மழையிலயா?"

"என் அண்ணன் மழைக்குப் பயந்தவரில்ல."

ஃபிலோமினா பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டாள். வரமாட்டேன் என்றாள். ஆகத்தா கெஞ்சவில்லை. அவள் பக்கத்தில் தானும் போய் உட்கார்ந்தாள்.

"சரி. அப்ப நானும் இங்கதான். மைன்ராட், நீ போ. ரெண்டு கிழவிகளையும் ஒரே குழியில போட்டா சாமியாருக்கும் வேல மிச்சம்."

"என்ன பிடிவாதம்டீ இது" என்றாள் ஃபிலோமினா.

"எங்கண்ணனக் கட்டினப்பவே தெரியும்ல, எங்க குடும்பம் எப்படின்னு."

ஃபிலோமினாவின் முகம் கோணியது. சிரிப்பா அழுகையா, மழையில் தெரியவில்லை. பெட்டியை இரண்டு முறை தட்டினாள், கதவைத் தட்டுவதுபோல. பிறகு எழுந்தாள். மைன்ராட் கயிற்றை ஒரு லார்ச் மரத்தில் சுற்றி முடிச்சிட்டான். எல்லாரும் வந்த வழியே ஏறினார்கள். ஆகத்தா அண்ணியின் முழங்கையைக் கடைசிவரை விடவில்லை.

பாதையின் மேல்திருப்பத்தை அவர்கள் தாண்டியபோது ஊமைப்பள்ளம் பேசியது. இடிபோல இல்லை. பெரிய மிருகம் ஒன்று தொண்டையைச் செருமியதுபோல அடிவயிற்றில் கேட்டது. நனைந்த பனி கல்லையும் மண்ணையும் வேரோடு மரங்களையும் அள்ளிக்கொண்டு, அவசரமில்லாமல், நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அது ஓய்ந்த பிறகு மைன்ராட் மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான். லார்ச் மரம் இருந்த இடத்தில் மரம் இல்லை. பாதையும் இல்லை.

 ஃபிலோமினா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள்.

பாதை திறக்கும்வரை ஆகத்தா மேலூரில், ஃபிலோமினாவின் வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. ஒரே மேசையில் சோளக்கூழ் தின்றார்கள், ஒரே அடுப்பில் காய்ந்தார்கள். ஃபிலோமினா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பரணில் ஏணி சாய்ந்தே கிடந்தது. ஊரில் இரண்டு விதமாகவும் பேசினார்கள். ஆகத்தா ஐந்து உயிரைக் காப்பாற்றினாள் என்றார்கள். ஆகத்தாவின் வெள்ளைத் துணிதான் லெயோன்ஹார்டை அநாதையாக்கியது என்றும் சொன்னார்கள். அவள் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"துணி என் வாசலப் பத்தித்தான் சொல்லும். உங்க வாசலப் பத்தி நீங்கதான் சொல்லணும்."

வசந்தத்தில் பனி வற்றியபோது பெட்டி கிடைத்தது. ஆற்றோரம், ரீட் கல்லறைச் சுவருக்கு மிக அருகில், ஒரு மூலை மட்டும் பெயர்ந்து கிடந்தது. தன் கைவேலையாகவே லெயோன்ஹார்ட் செய்துவைத்திருந்த பெட்டி, உடையவில்லை. "என் வண்டியும் வேணாம், என் குதிரையும் வேணாம்னு தானே வந்து சேந்துட்டாரு" என்றார் ஃபிடேல். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அடக்கம் முடிந்து மேலே திரும்பும்போது ஃபிலோமினா ஆகத்தாவின் வாசலில் நின்றாள். அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு அவள் ஆகத்தாவிடம் பேசிய முதல் பேச்சு இது.

"உங்கிட்ட இன்னொரு சிவப்புக் கம்பளி இருக்கா?"

இருந்தது. ஆகத்தா மடித்துக் கொடுத்தாள்.

அதிலிருந்து இரண்டு வீடுகளில் துணி தொங்குகிறது. கீழே வெள்ளை, மேலேயும் வெள்ளை என்றால் கிளம்புவார்கள். கீழே வெள்ளை, மேலே சிவப்பு என்றால் நாயைக்கூட வெளியே விடமாட்டார்கள். ஆகத்தா இப்போது வாசலில் கையை நீட்டிப் பார்ப்பதோடு நிற்பதில்லை. முதலில் ஓடைக்குத்தான் போகிறாள். கட்டிக்கு அடியில் அது ஊமையாகக் கிடந்தால் அடுப்பைப் பற்றவைக்கிறாள். பேசினால், தலைமேல் எவ்வளவு பனி விழுந்தாலும், மேகம் விலகும்வரை அங்கேயே நின்று மேலே பார்க்கிறாள்.

முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஓடை அபூர்வமாகத்தான் பேசும். இப்போது ஒரு குளிர்காலத்தில் இரண்டு முறை, மூன்று முறை பேசுகிறது. மேலே சிவப்பு தொங்குகிறது. நடுவில், மரமே இல்லாத அந்தக் கீறலில், பனி நனைந்துகொண்டிருக்கிறது.