குதிரையில் என்னை உட்காரவைத்த லூர்து

1947 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு இருபது. உப்பளச் சுற்று முடித்துக் குதிரையிலிருந்து இறங்கும்போது, லூர்து இறந்துவிட்டார் என்று கிடங்குக் காவலாளி வந்து சொன்னார். அந்தக் குதிரையிலிருந்து நான் பதினோரு முறை விழுந்திருக்கிறேன். பதினோரு முறையும் தூக்கிவிட்டவர் லூர்துதான்.

மறுநாள் எங்கள் உப்புக் கம்பெனி ஆபீசில் இரங்கல் கூட்டம். "பயமே அறியாத வீரர்" என்றார் மேனேஜர். "பிறவிக் குதிரைக்காரர்" என்றார் ஒரு கிளார்க். போன மாதம் வரை "செவிட்டு லூர்து" என்று சிரித்த வாய்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவரோடு உப்பளத்தில் வேலை பார்த்த உங்களுக்காவது உள்ளதை எழுதுகிறேன்.

லூர்து தருவைகுளத்துக்காரர். சங்கு குளித்தவர். ஒருநாள் ஆழத்தில் இடது காதுச் சவ்வு கிழிந்தது. அதன்பிறகு சமதரையிலேயே தள்ளாடியிருக்கிறார். அப்படிப்பட்டவர் நிற்பதை மறுபடி பழகி, வண்டி போகாத உப்பளச் சகதியில் குதிரைமேல் காவல் சுற்றினார். பயம் இல்லாமலா? "தெனமும் பயந்துதான் ஏறுதேன்" என்பார். "பயம் வயித்துல இருக்கட்டும். கைக்கு வந்துட்டா குதிரைக்குத் தெரிஞ்சிரும்."

நான் மதராசில் படித்த ஓவர்சியர். மூன்று மாதத்துக்குள் தனியாகக் குதிரையில் உப்பளம் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்பது கம்பெனி நிபந்தனை. புவியீர்ப்பு மையத்தைத் தாளில் கணக்குப் போட்டு, முழங்காலால் இறுக்கிப் பிடித்து ஏறினேன். மூன்றாம் தடவை முகம் குப்புறச் சகதியில் கிடந்தேன்.

"ஏலே, எந்திரி" என்றார் லூர்து.

"ஏலேயா? நான் ஓவர்சியர்."

"விழுந்து கெடக்கவன வேற எப்படிக் கூப்பிட? மேல ஏறி உக்காருங்க, சார்ங்கேன்."

"கணக்கு சரியாத்தான் போட்டேன்."

"போட்டீங்க. குதிரைக்கிட்ட காட்டினீங்களா?"

என் தப்பை அவர்தான் கண்டுபிடித்தார். "மூச்ச ஏன் பிடிக்கீங்க? இங்கன என்ன, சங்கா கெடக்கு?" மூச்சைப் பிடித்தால் உடம்பு விறைக்கும், விறைத்த உடம்பைக் குதிரை உதறிவிடும். கால் வைக்கும் அங்கவடிகளைக் கழற்றினார். நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக நடத்தினார். கைகளை விரிக்கச் சொன்னார், குதிரையின் காதைப் பார்க்காமல் தூரத்து உப்புக் குவியலைப் பார்க்கச் சொன்னார். ரயில் ஸ்டேஷன் பெயர்களை உரக்கச் சொல்ல வேண்டும். தூத்துக்குடி, மீளவிட்டான், தட்டப்பாறை, மணியாச்சி. பேசுகிறவனால் மூச்சைப் பிடிக்க முடியாது.

"தட்டப்பாறையில நின்னுட்டீங்க, சார்" என்பார். அடுத்த நொடி நான் கீழே கிடப்பேன்.

மணியாச்சி தாண்டிக் கோவில்பட்டி வரை விழாமல் போன அன்று, ஒன்று கேட்டார். புது ஆட்களுக்குக் குதிரை பழக்க லாயத்தில் ஓர் ஆள் போடப்போகிறார்கள். "இன்னொரு மழைக்காலம் சகதியில சுத்த என் நெஞ்சு தாங்காது. மேனேஜர் கேட்டா, லூர்துதான் பழக்கினான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

சரி என்றேன்.

சோதனை நாளில் முழுச் சுற்றும் போய்வந்தேன். "யாரய்யா பழக்கினது?" என்றார் மேனேஜர். பக்கத்தில் கிளார்க்குகள் நின்றார்கள். டிப்ளமா வாங்கியவன் செவிட்டுக் காவல்காரனிடம் கற்றதாகச் சொல்ல எனக்குக் கூச்சம்.

"நானாகத்தான் பழகினேன், சார்."

லூர்து சேணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நல்ல காது என் பக்கம்தான் இருந்தது. பிறகு, "நல்லா உக்காந்தீங்க, சார்" என்றார். அவ்வளவுதான்.

லாய வேலை யாருக்கோ போயிற்று. ஐப்பசி மழையில் லூர்து சகதியில் சுற்றினார். கார்த்திகையில் இருமல், தையில் ஆஸ்பத்திரி. கூட்டத்தில் பொய் பேசியவர்களைப் பார்த்துக் குமட்டியது என்றேன். நான் அங்கேயும் வாய் திறக்கவில்லை. அவர்களைவிட அருவருப்பானவன் நான்.

அவருடையதாக என்னிடம் இருப்பது குதிரைமேல் உட்காரும் இந்த விதம்: இறுக்காத முழங்கால், தாழ்ந்த குதிகால், எதிரே பார்க்கும் கண். திருட்டுச் சொத்து. லாயத்தில் போட்ட ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார்; புதிதாக மூன்று பேர் வந்திருக்கிறார்கள், நீயே பழக்கு என்கிறார் மேனேஜர். இனி நான் செய்யப்போவது:

1. அன்று சொன்னது பொய் என்று நாளைக் காலை மேனேஜரிடம் எழுதிக் கொடுப்பேன். வேலை போனால் போகட்டும்.

2. தருவைகுளம் போய் லூர்துவின் மனைவியிடம் நேரில் சொல்வேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஏசினால் நின்று கேட்பேன்.

3. வேலை மிஞ்சினால், அந்த மூன்று பேரையும் பழக்குவேன். இந்த வித்தை யாருடையது என்பதைக் குதிரை ஏறுமுன் அவர்கள் உரக்கச் சொல்ல வேண்டும்.