படகு ஃபோமும் எங்கள் காரும்

மூலக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மழை நாளில், குறுக்கே ஓடிவந்த நாயைத் தவிர்க்கப் போய் எங்கள் பழைய காரைச் சின்னப் பாலம் ஒன்றின் கைப்பிடிச் சுவரில் மோதிவிட்டேன். மெதுவாகத்தான் போனேன். யாருக்கும் அடியில்லை, நாயும் தப்பித்தது. முன் பம்பரின் இடது மூலை மட்டும் நொறுங்கி, விளக்குக்குக் கீழே ஒரு பானை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

“இந்த மாடலுக்கு பம்பரே வர்றதில்ல சார். வந்த வெலைக்குத் தள்ளிடுங்க” என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில்.

விற்க முடியாது. என் மனைவிக்காகவே வாங்கிய கார் அது. தையல் கம்பெனியில் வேலை பார்த்தபோது படிக்கட்டில் வழுக்கி விழுந்து, அவளுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதன்பிறகு பைக்கில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரில் மட்டும் சுகமாக வந்தாளா என்றால், அதுவும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் இடுப்புக்கு மேலே சுள்ளென்று இழுக்கும். கதவுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒருக்களித்துக்கொள்வாள். தலையணை, சுருட்டிய துண்டு, கடையில் விற்கும் முதுகுத் திண்டு எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. கடலூரில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போயே இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. அக்கா மகளின் மஞ்சள் நீராட்டை வீடியோ காலில்தான் பார்த்தாள். பார்த்து முடித்ததும், ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

குருசுக்குப்பத்தில் நான் வாடிக்கையாக மீன் வாங்கும் அக்கா ஒருவர் உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் காரைப் பார்த்ததும், “இன்னா தம்பி, வண்டி மூஞ்சி இப்டி கெடக்குது?” என்று கேட்டார். கதையைச் சொன்னேன்.

“எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போற ஃபைபர் போட்டுங்களுக்கு ஒட்டுப் போடறவருதான். அவர ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாம் இரு.”

அக்காவின் கணவர் வந்து குனிந்து பார்த்தார். ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார்.

“காரு செஞ்சதில்ல தம்பி. செஞ்சா போட்டு மாதிரி வந்துடப்போவுது, பரவால்லயா?”

“ஓடுனா போதும்ணே” என்றேன்.

அதற்கடுத்த ஞாயிறு காரை எடுத்துப்போனபோது, கடலைப் பார்த்து நாளாயிற்று என்று என் மனைவியும் கூட வந்தாள். உடைந்த துண்டுகளை அவர் செம்புக் கம்பியால் தைத்து, ஓட்டைக்குப் பின்னால் அட்டை வைத்து டேப் ஒட்டினார். உள்ளே தெர்மாகோல் வைத்து அடைக்கலாமே என்று கேட்டேன். ஃபைபர் ஒட்டும் ரெசின் பட்டால் அது கரைந்துவிடும் என்றார். படகு ஓட்டையானாலும் முழுகாமல் மிதப்பதற்காக அடித்தளத்தில் ஊற்றும் ஃபோம்தான் இதற்குச் சரி என்று இரண்டு கேன்களை எடுத்துவந்தார். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டையும் ஒரு பக்கெட்டில் கலந்து ஊற்றினார்.

படகுக் கணக்கில் கலந்துவிட்டார் போலிருக்கிறது. ஃபோம் பொங்கியது, பொங்கிக்கொண்டே இருந்தது. அட்டையைத் தள்ளி, டேப்பைப் பிய்த்து, விளக்கை மூடி, பானட்டின் இடுக்கு வழியாக மேலே வந்தது. நான் கையால் அமுக்கப் போனேன்.

“தொடாத! தோல உரிச்சாலும் போவாது!” என்று கத்தினார். அக்கா சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

காய்ந்த பிறகு பானட்டைத் திறப்பதற்கே ரம்பம் தேவைப்பட்டது. ஆனால் அந்த ஃபோம் வெட்டுவதற்கு ரஸ்க் மாதிரி இருந்தது. வலது மூலையைப் பார்த்துப் பார்த்து இடது மூலையைச் செதுக்கினோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். அதன்மேல் அவர் ஃபைபர் இழைப் பாயை விரித்து ரெசின் தடவ ஆரம்பித்தபோது, அக்கா என் மனைவியைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவள் முன்சீட்டில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள்.

“ஏம்மா, ஒக்கார முடியலியா?”

அவள் தன் முதுகுக் கதையைச் சொன்னாள். அக்கா கணவரிடம் திரும்பினார். “இவ்ளோ பொங்குது இல்ல, அத இந்தப் பொண்ணு முதுகுக்கு ஊத்தக் கூடாதா? அவ முதுகு எப்டி இருக்குதோ அப்டியே வந்துடுமில்ல?”

அவர் யோசித்தார். “வரும். ஆனா சூடாவும்.”

“வேணாம்ணே, ஆபரேஷன் பண்ண ஒடம்பு” என்றேன். என் மனைவி என்னைப் பார்க்கவேயில்லை. அவரைப் பார்த்து, “ஊத்துங்கண்ணா” என்றாள்.

இந்த முறை அவர் மிகவும் நிதானமாக இருந்தார். கொஞ்சமாகக் கலந்து முதலில் தன் கையின்மேல் வைத்துச் சூடு பார்த்தார். தடித்த பிளாஸ்டிக் பையைச் சீட்டில் பொருத்தி, அவள் முதுகுக்கும் பைக்கும் நடுவே ஈரத்துண்டை மடித்து வைத்தார் அக்கா. கார்க் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டோம், கடல் காற்று உள்ளே வந்தது. இரண்டு மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றினார். ஒவ்வொரு தடவையும் அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “சுடுதா? சுடுதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இல்லக்கா. முதுகுல யாரோ கைய வெச்சித் தாங்குற மாதிரி இருக்கு” என்றாள் அவள்.

கெட்டியானதும் பையை உரித்துப் பார்த்தோம். அவளுடைய முதுகு அப்படியே அதில் இருந்தது. இடது பக்கம் கொஞ்சம் சரிந்திருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்தக் கடைத் திண்டும் ஏன் உதவவில்லை என்பதும் புரிந்தது. அவர் ஓரங்களைச் சீவி, மேலே மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டிக் கொடுத்தார். உறையை அவளே தைத்தாள். மெஷினில் உட்கார முடியாததால் கட்டிலில் சாய்ந்துகொண்டு கையாலேயே தைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் கடலூருக்குக் கிளம்பினோம். பாதி வழியில் கிருமாம்பாக்கம் தாண்டியதும், வண்டியை ஓரங்கட்டவா என்று கேட்டேன். “நீ ஓட்டு” என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவள் அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்றதும் உள்ளேயிருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள். இவள் இறங்கவில்லை. “இருங்க, வலிக்கல. கொஞ்ச நேரம் இப்டியே உக்காந்துக்கறேன்” என்றாள். அவள் அக்கா காருக்குள்ளேயே தலையை நுழைத்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

பம்பரின் அந்த மூலை இன்றைக்கும் படகின் மூக்கு மாதிரிதான் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கிறது. பெயிண்டும் ஒத்துப்போகவில்லை. நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். மாற்றச் சொன்னால் என் மனைவிக்குக் கோபம் வரும்.

கடலூரிலிருந்து திரும்பியதும் குருசுக்குப்பத்துக்குப் போனேன். எப்படி நன்றி சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போய், மீன்கார அக்காவின் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

“நல்லா ஒக்காந்துனு போனாளா?” என்று கேட்டார்.

தலையசைத்தேன்.

“அவருகிட்ட சொல்றேன், சந்தோசப்படுவாரு” என்றவர், கூடையின் ஈரச் சாக்கை விலக்கினார். “சங்கரா நல்லாருக்குது. அவளுக்கு முள்ளு பாத்துக் குடு.”